தார்ப்பாய்க் கயிற்றில் ஒரு வரலாறு



இந்த முறை எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் வித்தியாசமானது. முகாமில் தார்ப்பாய் கட்டும் முடிச்சு. "இது சாரணர் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை ஆயிற்றே, வரலாற்றுக்கும் தமிழுக்கும் இதில் என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். நிறைய இருக்கு. ஒரு தார்ப்பாயை இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒழுங்காகக் கட்டி முடிப்பதற்குள் கப்பல், மீன்வலை, மலையேற்றம், லாரி, போர் என்று பல வரலாறுகள் நம் விரல் வழியாகப் போய்வரும். இவற்றில் பெரும்பகுதியை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதப்படாததை வரலாறு என்று எப்படிப் படிப்பது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு கயிற்றுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. காலணிக் கயிறும் போதும்.

முதலில் மூன்று கேள்விகள்

இரண்டு மரங்கள். நடுவில் ஒரு நீளமான கயிறு. அதன்மேல் தார்ப்பாய். நான்கு மூலைகளிலிருந்து நான்கு சிறு கயிறுகள் தரையில் அடித்த முளைகளுக்கு. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. இந்த நேரத்தில் எந்த முடிச்சைப் போடுவது?

பல மாணவர்கள் தெரிந்த ஒரே முடிச்சை எல்லா இடத்திலும் போடுவார்கள். அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் அதன்மேல் இன்னும் நான்கு முடிச்சு போடுவார்கள். மறுநாள் காலையில் கத்தி தேடுவார்கள். கயிறு போச்சு.

முடிச்சைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும். ஒன்று, இது பிடிக்குமா? இரண்டு, கட்டிய பிறகு இழுக்கவும் தளர்த்தவும் முடியுமா? மூன்று, வேலை முடிந்ததும் அவிழுமா? ஒவ்வொரு முடிச்சும் இந்த மூன்றுக்கும் ஒரே மாதிரி பதில் சொல்லாது. எந்தத் தொழிலில் எந்தக் கேள்வி முக்கியமாக இருந்ததோ, அதற்கேற்ற முடிச்சு அந்தத் தொழிலில் நிலைத்தது. அதனால் முடிச்சைப் பார்த்தால் அதைப் பயன்படுத்தியவர்களின் வாழ்க்கையும் கொஞ்சம் தெரியும்.

'தார்ப்பாய்' என்ற சொல்

முடிச்சுக்குப் போகுமுன் தார்ப்பாயையே பார்ப்போம். ஆங்கிலத்தில் 'டார்ப்பாலின்' என்பது 'டார்' என்ற சொல்லையும் மூடுதுணியைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து உருவானது. 17ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. கப்பலில் சரக்கு நனையாமல் இருக்க முரட்டுத் துணியில் தார் பூசினார்கள். கப்பலோட்டிகளையே 'டார்' என்று பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் வந்தது.

இந்தச் சொல் தமிழுக்கு வந்தபோது நடந்ததைக் கவனியுங்க. 'டார்' நமக்குத் தார் ஆனது. 'பாலின்' என்ற பகுதி 'பாய்' ஆனது. தமிழில் பாய் என்றால் படுக்கும் பாய் மட்டும்தானா? பாய்மரம், பாய்மரக் கப்பல் என்கிறோமே, அங்கே பாய் என்பது காற்றைப் பிடிக்கும் துணி. ஆக, தார்ப்பாய் என்று சொல்லும்போது தார் பூசிய கப்பல் பாய் என்ற பொருளும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒலியும் ஒத்துப்போய், பொருளும் ஒத்துப்போன கடன்சொற்கள் அதிகம் இல்லை. இது ஒன்று.

உண்மையிலும் அப்படித்தான். மரங்களுக்கு நடுவே கட்டிய தார்ப்பாய் ஒரு பாய்தான். காற்று அடித்தால் அது பாய் மாதிரியே உப்பும், இழுக்கும். அதனால்தான் அதைக் கட்டும் முடிச்சுகளில் பாதி கப்பலிலிருந்து வந்தவை.

முதல் மரம்: கப்பலின் முடிச்சு

நடுக்கயிற்றின் ஒரு முனையை முதல் மரத்தில் கட்ட வேண்டும். இங்கே சரிசெய்யும் வேலை இல்லை. பிடிக்க வேண்டும், பிறகு அவிழ வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஏற்றது ஆங்கிலத்தில் 'போலைன்' என்ற முடிச்சு. நம் நாட்டுச் சாரணர்களுக்கு இது 'திண்டிஹ் காசிஹ்'. மலாயில் திண்டிஹ் என்றால் ஒன்றின்மேல் ஒன்று அழுத்துவது, காசிஹ் என்றால் அன்பு. எத்தனை அழகான பெயர் பாருங்க.

போடும் முறை இது. கயிற்றின் முனையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நீண்ட பகுதியில் ஒரு சிறிய கண் போடுங்கள். முனைப் பக்கம் மேலே கிடக்க வேண்டும். முனையை அந்தக் கண்ணுக்குள் கீழிருந்து மேலே விடுங்கள். நீண்ட கயிற்றின் பின்புறமாகச் சுற்றி, மறுபடியும் அதே கண்ணுக்குள் இறக்குங்கள். இறுக்குங்கள். சாரணர்கள் இதை ஒரு முயல் கதையாகச் சொல்வார்கள்: முயல் குழியிலிருந்து வெளியே வந்தது, மரத்தைச் சுற்றியது, திரும்பவும் குழிக்குள் போனது.

போலைன் என்பது முதலில் ஒரு முடிச்சின் பெயரே இல்லை. சதுரப் பாய்க் கப்பலில் பாயின் காற்றுப் பக்க ஓரத்தைக் கப்பலின் முன்பக்கம் நோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிற்றின் பெயர் அது. அந்தக் கயிறு தளர்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் வேகம் இழக்கும். எனவே அங்கே போட்ட முடிச்சு நழுவக் கூடாது. துறைமுகம் வந்ததும் உப்பு நீரில் ஊறிய கயிற்றிலும் அவிழ வேண்டும். ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1627இல் வெளியிட்ட கடல்தொழில் நூலில் இந்த முடிச்சைக் குறிப்பிடுகிறார். ஆனால், 1627இல் இது கண்டுபிடிக்கப்பட்டது என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டில் ஒருவர் எழுதி வைத்தார், அவ்வளவே. இந்த வேறுபாட்டுக்குக் கடைசியில் திரும்பி வருவோம்.

ஓர் எச்சரிக்கை. இன்று நாம் வாங்கும் நைலான் கயிறு வழவழப்பானது. சுமை இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் போலைன் தளரக்கூடும். முனையை ஒரு சாண் நீளமாவது விட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

இரண்டாவது மரம்: லாரிக்காரர் முடிச்சு

மறுமுனையில் கேள்வி மாறுகிறது. நடுக்கயிறு தொய்வில்லாமல் விறைப்பாக நிற்க வேண்டும். தொய்ந்தால் தார்ப்பாயின் நடுவில் மழைநீர் குளம் கட்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. பத்து லிட்டர் தேங்கினால் பத்து கிலோ உங்கள் தலைக்கு மேலே தொங்குகிறது.

கையால் மட்டும் இழுத்து அந்த விறைப்பைக் கொண்டுவர முடியாது. கயிற்றின் நடுவில், மரத்துக்குச் சற்று முன்னால், உருவினால் அவிழும் ஒரு சுருக்கு வளையம் போடுங்கள். முதல் மரத்தின் பக்கத்துக் கயிற்றை இழுத்தால் அந்த வளையம் சுருங்கக் கூடாது. சுருங்கினால் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். பிறகு முனையை இரண்டாவது மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, அந்த வளையத்துக்குள் விட்டு, மரத்தின் பக்கமாகத் திருப்பி இழுங்கள். விறைத்ததும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு அரைமுடிச்சுப் போடுங்கள்.

இது ஒரு கப்பி மாதிரி வேலை செய்கிறது. கணக்குப்படி நீங்கள் இழுக்கும் விசை மூன்று மடங்காக வேண்டும். நடைமுறையில் கயிறும் கயிறும் உராய்வதால் அவ்வளவு கிடைக்காது. ஆனால் உராய்வே இன்னொரு வகையில் உதவுகிறது, இழுத்த கயிறு பின்னால் ஓடாமல் பிடித்துக்கொள்கிறது. இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்க, சந்தோஷமாக விளக்குவார்.

ஆங்கிலத்தில் இதற்கு வண்டிக்காரர் முடிச்சு என்ற பெயரும் உண்டு, லாரிக்காரர் முடிச்சு என்ற பெயரும் உண்டு. குதிரை வண்டியில் வைக்கோல் ஏற்றியவர்கள் பயன்படுத்தினார்கள். குதிரை போய் லாரி வந்தபோது பெயர் மாறியது, முடிச்சு மாறவில்லை. சாலையில் சரக்கு லாரி பின்புறம் உங்கள் கார் நிற்கும்போது தார்ப்பாய்க் கயிற்றைக் கவனியுங்கள்.

ஓரங்கள்: நனையும் கயிறும் நனைந்தால் தொய்யும் கயிறும்

அடுத்து நான்கு மூலைகள். இங்கே இரண்டாவது கேள்விதான் முக்கியம்: கட்டிய பிறகு சரிசெய்ய முடியுமா?

ஏன் முக்கியம்? சணல், மணிலா போன்ற பழைய இயற்கை நார்க் கயிறுகள் நனைந்தால் தடிக்கும், நீளம் குறையும். இரவில் மழை பெய்தால் கூடாரக் கயிறுகள் தாமாகவே இறுகி, முளையைப் பிடுங்கும், அல்லது துணியைக் கிழிக்கும். அந்தக் காலத்தில் மழை தொடங்கியதும் ஒருவர் எழுந்து போய் எல்லாக் கயிறுகளையும் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். அதற்கு முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா? எனவே கயிற்றின்மேல் நகரும், சுமை வந்தால் நின்றுவிடும் முடிச்சு தேவைப்பட்டது.

அதைப் போடும் முறை: கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். வளையத்தின் உட்புறமாக நீண்ட கயிற்றை இரண்டு முறை சுற்றுங்கள். பிறகு வளையத்துக்கு வெளியே வந்து அதே திசையில் ஒரு முறை சுற்றி, முனையை அடியில் செருகுங்கள். கையால் தள்ளினால் நகரும். கயிறு இழுத்தால் பிடிக்கும்.

நைலான் 1935இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது. இரண்டாம் உலகப் போரில் வான்குடைத் துணிக்கும் கயிறுக்கும் பயன்பட்டு, போருக்குப் பிறகு முகாம்களுக்கும் வந்து சேர்ந்தது. இதன் குணம் நேர்மாறு. நனைந்தால் நைலான் கொஞ்சம் நீளும், தொய்யும். ஆக, அன்று மழையில் தளர்த்த எழுந்தவர்கள் இன்று மழையில் இறுக்க எழுகிறார்கள். காரணம் தலைகீழாக மாறியும் அதே முடிச்சு இன்னும் பயன்படுகிறது.

தார்ப்பாயின் விளிம்பை நடுக்கயிற்றோடு இணைக்க இன்னொரு முடிச்சு உண்டு. மெல்லிய கயிற்றில் ஒரு வளையம் செய்து, அதைத் தடித்த கயிற்றின்மேல் மூன்று முறை தனக்குள்ளேயே சுற்றி எடுப்பது. தளர்வாக இருக்கும்போது நகரும், இழுத்தால் கவ்வும். இதற்கு மட்டும் ஆள் பெயர் இருக்கிறது: 'புருசிக்'. கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931இல் இதை எழுதி வெளியிட்டார். கயிற்றில் தொங்குபவர் அந்தக் கயிற்றிலேயே மேலே ஏறி வர இது உதவியது. ஓர் உயிர் காக்கும் முடிச்சு இன்று நம் தார்ப்பாய் ஓரத்தில் அமைதியாக வேலை பார்க்கிறது.

மூலை கிழிந்தால்: மீன்வலையின் முடிச்சு

தார்ப்பாய் மூலையில் உள்ள இரும்பு வளையம் பிய்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? மூலையை மடித்துக் கொக்கி போல் பிடியுங்கள். கயிற்றின் முனையை அந்த மடிப்புக்குள் கீழிருந்து விட்டு, மடிப்பின் பின்புறம் முழுதும் சுற்றி, தன் கயிற்றின் அடியிலேயே செருகுங்கள். சாரணர்கள் இதைப் 'புங்கா கெத்தி' என்பார்கள். புங்கா என்றால் மலாயில் பூ.

ஆங்கிலப் பெயர் 'ஷீட் பென்ட்'. மொழிபெயர்ப்பு செய்யும் மாணவர்கள் இங்கே விழுவார்கள். ஷீட் என்றதும் துணி, விரிப்பு என்று எழுதிவிடுவார்கள். கப்பலில் ஷீட் என்பது துணி அல்ல. பாயின் கீழ் மூலையை இழுத்துக் கட்டுப்படுத்தும் கயிறு. சொல்லை அதன் தொழிலுக்குள் வைத்துப் பார்க்காவிட்டால் பொருள் நழுவிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மீன்வலையின் ஒவ்வொரு கண்ணிலும் இருப்பது அமைப்பில் இதே முடிச்சு. வலை முடிதல் எவ்வளவு பழையது? 1913இல், அன்று பின்லாந்தில் இருந்த, இன்று ரஷ்யாவில் இருக்கும் அன்ட்ரெயா என்ற ஊரில் ஒரு மீன்வலையின் எச்சம் கிடைத்தது. வில்லோ மரப்பட்டை நாரில் முடிந்தது. வயது ஏறக்குறைய 10,000 ஆண்டுகள். எழுத்து பிறப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே முடிச்சு இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

போடக் கூடாத முடிச்சு

உலகச் சாரணர் சின்னத்தைப் பாருங்கள். சுற்றிவரும் கயிறு கீழே ஒரு முடிச்சில் முடியும். அது 'ரீஃப் நாட்', மலாயில் 'புக்கு சிலா'. சம்மணமிட்டு உட்காருவதை மலாயில் 'பெர்சிலா' என்பார்கள். அந்தச் 'சிலா'தான் இது. முதலில் கற்றுக்கொள்வதும் பலருக்கு இதுவே.

ஆனால் இரண்டு கயிறுகளை இணைத்துத் தார்ப்பாயைத் தாங்கவிட இது ஏற்றதல்ல. இதன் ஆங்கிலப் பெயர் பாய்மரக் கப்பலிலிருந்து வந்தது. புயல் வரும்போது பாயின் ஒரு பகுதியைச் சுருட்டிக் கட்டுவார்கள். காற்று தணிந்ததும் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். சுலபமாக அவிழ்வதே அதன் சிறப்பு. அந்தச் சிறப்பே சுமை தாங்கும் இடத்தில் ஆபத்தாகிறது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்சு உருமாறி நழுவிவிடும். இந்த முடிச்சைக் கயிறு இணைக்கப் பயன்படுத்தியதால் உயிர்கள் போயிருக்கின்றன என்று கிளிஃபோர்ட் ஆஷ்லி கடுமையாக எச்சரித்தார்.

யார் இந்த ஆஷ்லி? அமெரிக்காவின் நியூ பெட்ஃபர்ட் என்ற திமிங்கில வேட்டைத் துறைமுகத்தில் 1881இல் பிறந்த ஓவியர். 11 ஆண்டுகள் உழைத்து 1944இல் ஒரு முடிச்சு நூலை வெளியிட்டார். 3,800க்கும் மேற்பட்ட பதிவுகள், ஏறத்தாழ 7,000 படங்கள். மாலுமிகளிடம் மட்டுமல்ல, கசாப்புக்காரர், செருப்புத் தைப்பவர் என்று பல தொழிலாளர்களிடமும் போய்க் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். போலைனுக்கு 1010. இன்றும் முடிச்சு பற்றிப் பேசுவோர் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். பாய்மரக் கப்பல்கள் மறைந்துகொண்டிருந்த காலம் அது. அவர் எழுதியிராவிட்டால் பல முடிச்சுகள் அந்த மாலுமிகளோடு போயிருக்கும்.

நம் காட்டில் கட்டிய கூரை

மலாயா அவசரகாலம் 1948 முதல் 1960 வரை. எஸ்.பி.எம். மாணவர்களுக்குத் தெரிந்த ஆண்டுகள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் காட்டுக்குள் நாள்கணக்கில் ரோந்து போன பிரிட்டிஷ், காமன்வெல்த் படையினர் இரவு தங்கக் கட்டிய ஒதுக்கிடத்துக்குப் 'பாஷா' என்று பெயர். அசாம், வங்காளப் பக்கத்து மூங்கில் குடிலைக் குறிக்கும் சொல் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்த பிரிட்டிஷ் படையோடு பழகி, மலாயாக் காட்டுக்கும் வந்தது. மூங்கில், இலை, பிரம்பு கொண்டும், மழைத்துணியை இரண்டு மரங்களுக்கு நடுவே விரித்தும் பாஷா கட்டினார்கள். சிங்கப்பூர் மாணவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. அங்கே முகாம்களில் இன்றும் 'பாஷா' கட்டுகிறார்கள்.

பிரம்பைப் பிளந்து, ஊறவைத்து, மூங்கிலோடு மூங்கிலை வரிந்து கட்டி, ஆணி இல்லாமல் வீடு எழுப்பும் கலை இந்தக் காட்டில் வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்களிடம் நெடுங்காலமாக இருந்தது. அவசரகாலத்தின் தொடக்க ஆண்டுகளில் அவர்களில் பலரைக் காட்டிலிருந்து எடுத்து, வேலியிட்ட முகாம்களில் குடியேற்றினார்கள். அங்கே நோயிலும் ஏக்கத்திலும் பலர் இறந்தார்கள். காட்டில் கூரை கட்டத் தெரிந்தவர்களைக் காட்டைவிட்டு அகற்றிவிட்டு, மற்றவர்கள் அதே காட்டில் கூரை கட்டக் கற்றுக்கொண்டார்கள். பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இடத்தில் நின்று யோசியுங்கள்.

எழுதியவரும் கட்டியவரும்

இப்போது 1627க்குத் திரும்புவோம். இதுவரை வந்த பெயர்கள் ஸ்மித், ஆஷ்லி, புருசிக். இன்னும் பின்னால் போனால் 1ஆம் நூற்றாண்டில் ஹெராக்லாஸ் என்ற கிரேக்க மருத்துவர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் 18 முடிச்சு, சுருக்குகளைச் சொற்களால் விளக்கினார்; 4ஆம் நூற்றாண்டில் ஒரிபாசியுஸ் என்ற மருத்துவர் தம் தொகுப்பில் சேர்த்ததால் அது நமக்குக் கிடைத்தது. எல்லாரும் எழுதியவர்கள். எழுதியதால் பெயர் நின்றது.

கட்டியவர்கள்? ஏறத்தாழ அதே 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு', சோழமண்டலக் கரையில் ஒற்றை மரங்களைப் பிணைத்துக் கட்டிய பெரிய கலங்கள் ஓடின என்கிறது. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூல் அதே கரையின் கட்டுமரத்தை அந்தப் பெயராலேயே சொல்கிறது. 'கட்டமரான்' என்று ஆங்கில அகராதியில் இருப்பது நம் கட்டுமரம்தான். தேங்காய் நாருக்கு ஆங்கிலத்தில் 'காயர்' என்ற பெயரும் மலையாளக் கயறு, தமிழ்க் கயிறு என்ற சொல்வழி போனது.

கட்டுமரத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது மிதப்பதல்ல. கரைக்கு வந்ததும் மீனவர்கள் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காய வைப்பார்கள். ஊறிய மரம் கனக்கும், மறுநாள் கடலுக்கு ஆகாது. அதிகாலையில் திரும்பவும் கட்டுவார்கள். அலையில் உயிரைத் தாங்க வேண்டும், கரையில் உடனே அவிழ வேண்டும். நாம் தொடக்கத்தில் கேட்ட முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் அங்கே தினமும் கேட்கப்பட்டன. பதில் சொன்ன ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. துறைமுகம் இல்லாத பழைய மெட்ராஸ் கரையில், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தன. ஆணி அடித்த படகு உடையும் இடத்தில் தைத்த படகு வளைந்து கொடுத்தது. தைத்தவர் பெயரும் இல்லை.

இது தமிழர் மட்டும் கண்ட கலை என்று மார்தட்டவும் வேண்டாம். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பல், அரபு முறையில் பலகைகளைக் கயிற்றால் தைத்தது. அதன் சரக்கின் பெரும்பகுதி இன்று சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இருக்கிறது. சீனப் பீங்கான்களைப் பார்க்கப் போகும்போது அவற்றைச் சுமந்துவந்த கயிற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். மலாயில் 'இக்காட்' என்றால் கட்டு. நூலை முடிந்து சாயமேற்றும் துணிக்கு உலகம் முழுதும் அதே பெயர். பல கரைகளில் பல கைகள் ஒரே சிக்கலுக்கு விடை தேடின. சில விடைகள் பயணம் செய்தன. சில தனித்தனியே பிறந்தன.

எனவே 'யார் கண்டுபிடித்தார்?' என்பது முடிச்சு வரலாற்றில் பெரும்பாலும் தவறான கேள்வி. 'யார் எழுதினார், யார் பயன்படுத்தினார், எந்தத் தேவைக்கு, அடுத்தவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?' என்று பிரித்துக் கேட்க வேண்டும். இப்படிக் கேட்கப் பழகிய மாணவர் தோட்டத் தொழிலாளர் வரலாற்றையும் இதே கண்ணோடு படிப்பார். எழுத்தில் இருப்பவை பெரும்பாலும் துரைமார்களின் அறிக்கைகள். மரத்தைச் சீவிய கைக்குத் தெரிந்தது அந்த அறிக்கையில் இருக்காது.

இன்னொன்று. கட்டுமரங்களின் இடத்தில் இன்று பெரும்பாலும் ஃபைபர் படகுகள். கடைகளில் கொக்கி வைத்த ரப்பர் பட்டை கிடைக்கிறது, மாணவர்கள் முடிச்சுப் போடத் தேவையே இல்லை. கையிலிருந்து கைக்குப் போன அறிவு ஒரு தலைமுறை இடைவெளி விட்டால் போதும், மறைந்துவிடும்.

வகுப்பறைக்கு

1. செய்முறை எழுதுதல்: படம் இல்லாமல், 100 சொல்லுக்குள் ஒரு முடிச்சைப் போடும் முறையை எழுதச் சொல்லுங்கள். பக்கத்து மாணவர் அதைப் படித்துக் கட்டிப் பார்க்கட்டும். கட்ட முடியாவிட்டால் எந்த வாக்கியத்தில் தடுமாறினார் என்று கண்டுபிடித்துத் திருத்தட்டும். 'அதை', 'இதை', 'அங்கே' என்ற சொற்கள் எவ்வளவு குழப்பும் என்பது உடனே புரியும்.

2. சொல் ஆய்வு: கட்டுமரம், கட்டுரை, கட்டுப்பாடு, கட்டடம், கட்டளை, தலைக்கட்டு. இவற்றில் 'கட்டு' என்ற பகுதி எந்தெந்தப் பொருளில் வருகிறது என்று குழுவாகப் பேசட்டும்.

3. வாதக் கட்டுரைத் தலைப்பு: 'எழுதப்படாத அறிவும் வரலாறே.' சார்பாகவும் எதிராகவும் இரண்டு சான்றாவது இந்தக் கட்டுரைக்கு வெளியிலிருந்து தர வேண்டும்.

4. வீட்டுப்பாடம்: வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அவருக்குத் தெரிந்த ஒரு முடிச்சைக் கேட்டுக் கற்று வாருங்கள். மாவிலைத் தோரணம் கட்டுவது, பூத்தொடுப்பது, வாழைமரத்தைப் பந்தல்காலில் கட்டுவது, மூட்டை கட்டுவது, எதுவானாலும் சரி. யாரிடமிருந்து அவர் கற்றார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர் இதுவரை எந்தத் தாளிலும் ஏறியிருக்காது.